களத்தில் இழுத்த சுண்ணாம்புக் கோடு

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் தொலைநோக்கிக்கு எப்படிப் படம் போட்டீர்கள் என்று பட்டறைப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டீர்கள். தோள்பட்டை போய், பட்டறையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நேரில் வந்து சொல்ல எனக்கு வராது. நாலு முகம் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் போட்ட விதத்தைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. எதையும் சின்னதாக்கிக் காகிதத்தில் போடுவதில்லை. பன்னிரண்டு அடிக் குழாய் என்றால் தரையில் பன்னிரண்டு அடிக்கே கோடு. ஒரு முனையில் லென்சின் அகலம், மறு முனையில், வெளிச்சம் வந்து குவியும் இடத்தில், ஓர் ஆணி. லென்சின் இரண்டு விளிம்பிலிருந்தும் ஆணிக்கு நூல் இழுத்துக் கட்டினால், வெளிச்சம் குழாய்க்குள் எப்படிக் குறுகிக்கொண்டே வருகிறது என்பது கண்ணெதிரே கிடக்கும். குழாய்க்குள் வைக்கும் தடுப்பு வளையத்தில் எவ்வளவு ஓட்டை விடுவது என்று தெரியவேண்டுமா? அந்த இடத்தில் இரண்டு நூலுக்கும் நடுவே ஓர் ஈர்க்குச்சியை வைத்து ஒடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக அறுத்தால் சரியாக இருக்கும். குழாயை மேலே தூக்கினால் கண் வைக்கும் முனை எவ்வளவு கீழே இறங்கும், அதற்குக் கால் எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்கும் கணக்கு கிடையாது. நடுவில் ஒரு முளை அடித்துக் கயிற்றால் வட்டமாக இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். பெயர் வேண்டாம். லுத்தரன் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதே வெள்ளைச் சட்டையோடு வேலை நடக்கும் இடத்துக்கு வந்து, சட்டையில் சுண்ணாம்பு படும்வரை என்னோடு தரையில் தவழுவார். நான் ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து பள்ளிக்கு பெஞ்சு செய்ய வந்த தச்சன். கல்யாணம் ஆகாத வயது. பெஞ்சு வேலை முடிந்ததும், "ஒரு நீளமான பெட்டி செய்யணும் தம்பி, இருந்துட்டுப் போ" என்றார். அந்தப் பெட்டிதான் தொலைநோக்கிக் குழாய்; பட்டறையை விடும்வரை அதுதான் எனக்குப் பிழைப்பு. இப்போது சொல்லப்போவதும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

லென்ஸ் முத்துப்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வாங்கியது. எவ்வளவு பவர் குறைவோ அவ்வளவு நல்லது என்றார் ஆசிரியர். கடைக்கார பாய் பெட்டி பெட்டியாகத் தேடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டிவிட்டு, "சார், இது கண்ணு நல்லா இருக்கறவன் மாமனார் வீட்டுக்குப் போறப்ப போட்டுக்கற கண்ணாடி. இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று சிரித்தார். பவர் குறையக் குறையக் குழாய் நீளும். எங்களுக்குப் பன்னிரண்டு அடிக்கு மேல் வந்தது.

அவ்வளவு நீளத்துக்குத் தரை வேண்டும். பள்ளிக்கூட மைதானம் வாய்க்கால் கசிவில் சொதசொதவென்று இருந்தது. ஊரில் சாணி மெழுகிய பெரிய தரை மிராசுதாரின் நெற்களம் ஒன்றுதான். தை அறுவடை முடிந்து களம் ஓய்ந்திருந்தது. ஆசிரியர் போய்க் கேட்டதும் மிராசுதார் கொடுத்துவிட்டார். களத்தில் வேலை செய்கிறவனுக்கு மிராசுதார் வீட்டிலிருந்து மத்தியானச் சோறு வரும், அது அந்த ஊர் வழக்கம். எனக்கும் வந்தது. நானும் சாப்பிட்டேன்.

களத்தின் ஒரு பாதியில் வைக்கோல் போர். மறு பாதியை ஒட்டி ஆறு குடிசைகள். மிராசுதார் நிலத்தில் வேலை செய்தவர்கள், தலைமுறையாக அங்கேயே இருப்பவர்கள். அந்த அறுவடையில் கூலித் தகராறு முற்றி, வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்து, அடிதடியாகியிருந்தது. கோடிக் குடிசை மாணிக்கத்தின் மேல் கேஸ் போட்டுத் திருச்சி ஜெயிலில் வைத்திருந்தார்கள். அவன் மனைவி பாக்கியமும் சின்னப் பெண் குழந்தையும் குடிசையில் இருந்தார்கள். அதே சமயத்தில்தான், மிராசுதார் இடத்தில் குடிசை போட்டு இருப்பவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பட்டாவுக்கு எழுதிக்கொண்டு போவார். ஒரு குடிசையிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பக்கத்துக் குடிசைக்காரன் "ஆமாங்க, இவங்க காலங்காலமா இங்கதான் இருக்காங்க" என்று சொல்வதுதான் சாட்சி. அதிகாரி வருவதற்குள் குடிசையைக் காலி செய்ய வைத்துவிட வேண்டும் என்று பல ஊர்களில் மிராசுதார்கள் முயன்றுகொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு ஊர்களில் முளை அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, மறுநாள் ஆள் வைத்துப் பிரித்தும் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தும் அதையும் எங்கள் படத்தையும் அவர் மனதில் சேர்த்துப் பார்க்கவில்லை. நல்ல மனிதர். அவர் கண்ணுக்குத் தரையில் கிடந்தது வெளிச்சம் போகிற வழி மட்டும்தான்.

நடுக்கோடு நேராக இருக்க வேண்டுமென்றால் முளையைப் படத்துக்கு வெளியே நன்றாகத் தள்ளி அடிக்க வேண்டும். கிட்ட அடித்தால் காலில் இடறிக் கோடு கெட்டுவிடும். வைக்கோல் போர் இடைஞ்சலாக இருந்ததால் ஒரு முளை பாக்கியத்தின் வேலிக்குள் போய்விட்டது. சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்த நூலை இழுத்துச் சுண்டினேன். சாணித் தரையில் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. நிமிர்ந்தால் பாக்கியம் நிற்கிறாள், இடுப்பில் குழந்தை.

"ஏங்க ஆசாரியாரே, யாரு அளக்கச் சொன்னது?"

"அளக்கலீங்க. ஒரு சாமான் செய்யறதுக்குப் படம்."

"என்ன சாமான்?"

"நிலாவப் பாக்கறது."

"நிலா மேல இருக்கு. முளை ஏன் என் வேலிக்குள்ள இருக்கு?"

சொன்னதெல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னேன். பெண்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேசிய பழக்கம் எனக்கு இல்லை. உண்மையைச் சொல்கிறவன் எதற்குக் கீழே பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். ஆசிரியர் எழுந்து வந்தார். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாக்கியம் கேக்கறது நியாயம்தானே? கழுவிட்டு வேற பக்கம் திருப்பிப் போடு தம்பி" என்றார்.

முளையைப் பிடுங்கினோம். கோட்டைக் கழுவிவிட்டுத் திருப்பிப் போட்டோம். திரும்பிய கோடு அவள் வேலியை விட்டு விலகி, மற்ற ஐந்து குடிசைகளின் வாசலை ஒட்டி ஓடியது. யார் வேலிக்குள்ளும் போகவில்லை. வாசலுக்கு முன்னால், களத்தில்தான் கிடந்தது. பாக்கியத்துக்குக் கோபம் தணிந்துவிட்டது. ஒரு சொம்பில் நீராகாரம் கொண்டுவந்து வைத்தாள். கையில் கொடுக்கத் தயங்கினாள், நான் வாங்கமாட்டேன் என்று. வெயில், எடுத்துக் குடித்தேன். அந்த நாளில் அந்தத் தெருவில் ஒரு தச்சன் அப்படிக் குடிப்பது நாலு பேர் பார்க்கிற விஷயம். பார்த்தார்கள்.

மறுநாள் ஆசிரியர் பரீட்சை வேலையாகத் தஞ்சாவூர் போய்விட்டார். நான் தனியாக ஈர்க்குச்சி ஒடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குடிசை கோவிந்தன் வந்தான். மாணிக்கத்தோடு ஒன்றாக விவசாயக் கூலிச் சங்கத்தில் இருந்தவன், ஒரே வயதுக்காரன். பின்னால் நாலு பேர்.

"நேத்து அவ வந்து சத்தம் போட்டா, கோடு நகந்துச்சு. இன்னிக்கு நாங்க சத்தம் போடறோம். நகத்துங்க பாப்போம்."

"நகத்திடறேங்க" என்றேன். உண்மையாகவே அதைத்தான் செய்ய நினைத்தேன். ஒரு நாள் வேலை போகும், போகட்டும். முளையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வாளியில் தண்ணீர் மொண்டு வந்தேன். முதல் வாளியைக் கவிழ்க்கும்போது மிராசுதாரின் காரியக்காரர் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தார். குடையை மடக்கிக்கொண்டே நின்றார்.

"என்ன ஆசாரி, போட்டத அழிக்கறே?"

"இவங்க வாசல்ல இருக்குன்னு சொல்றாங்க..."

"வாசலா? களம் அய்யாவோடது. வாத்தியார் அய்யாகிட்ட கேட்டு வாங்கிப் போட்ட கோடு. அவரு வராம நீ எப்படி அழிப்பே? இருக்கட்டும், இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு."

அவர் கோட்டின் நீளத்துக்கு ஒருமுறை பார்வையை ஓட்டினார். பிறகு அந்த ஐந்து பேரின் முகத்தையும் பார்த்தார். அவர்கள் அந்தக் கோட்டுக்குப் பயப்படுவது அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். வாளியை என் கையிலிருந்து அவரே வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். முந்தின நாள் அவர் ஊரில் இல்லை. அதனால்தான் பாக்கியத்துக்காகக் கோட்டை நகர்த்தியதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கோவிந்தன் பார்த்தது வேறு. அவள் சொன்னால் கோடு நகர்கிறது; இவர்கள் சொன்னால் காரியக்காரர் வந்து மறிக்கிறார்.

"புரிஞ்சுபோச்சுய்யா" என்றான். "புருஷன வெளிய எடுக்க எங்க வாசல வித்துட்டா."

இனிமேல் நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். ஒரு நெருக்கடியில் செய்யக்கூடியது என்று உங்களுக்குத் தோன்றுவதை எல்லாம் நான் செய்தேன். ஒன்றும் உதவவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அவர்களிடம் விளக்கினேன். அன்று மாலை பாக்கியமே வந்து கூப்பிட்டாள். "நான் யாருகிட்டயும் ஒண்ணும் பேசலன்னு நீங்க வந்து சொல்லுங்க. என் கூட ஒருத்தியும் தண்ணிக்கு வரமாட்டேங்கறா." அடிபம்புக்கு அவளோடு போனேன். அத்தனை பேர் முன்னால் வாழ்நாளில் நான் பேசியதில்லை. இருந்தும் பேசினேன். இது அளவு இல்லை, லென்சுக்குப் போட்ட படம், முளையை மாற்றச் சொன்னவர் வாத்தியார், இந்தம்மா யாரிடமும் போகவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னேன். கோவிந்தன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மத்தியானம் யாரு வூட்டுச் சோறு ஆசாரியாரே?"

கூட்டத்தில் சிரித்தார்கள். "அவ குடுத்தா நீராகாரம், அய்யா குடுத்தா சாப்பாடு. வயிறு ரெண்டா உனக்கு?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

பிறகு கண்ணால் காட்டிவிடலாம் என்று பார்த்தேன். மறுநாள் காலையில் லென்சை ஒரு முளையில் நிறுத்திக் கட்டினேன். பன்னிரண்டு அடி தள்ளிப் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கோவிந்தனைக் கூப்பிட்டேன். குழாய் இல்லாமலேயே தூரத்துத் தென்னை பெரிதாகத் தெரியும். வந்தான், குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். நம்பிவிட்டான் என்றே நினைத்தேன்.

"மரம் தலைகீழாத் தெரியுது" என்றான்.

"ஆமாங்க, இதுல அப்படித்தான் தெரியும்."

"தெரியும்யா. வாய்க்கால் வெட்டறப்ப சர்வேக்காரனுக்கு அளவுக்கொம்பு புடிச்சவன் நான். ஒரு நா அவன் கண்ணாடியில பாத்தேன். அதுலயும் தலைகீழாத்தான் தெரிஞ்சுது." மற்றவர்கள் பக்கம் திரும்பினான். "அளக்கற கண்ணாடியேதான். இவனே காட்டிட்டான்."

அவன் முட்டாள் இல்லை. இதை நீங்கள் மறக்கக் கூடாது. அவனுக்குத் தெரிந்த உலகத்தில் முளை, நூல், சுண்ணாம்பு, தலைகீழாகக் காட்டும் கண்ணாடி, மிராசுதார் வீட்டுச் சோறு என்று எல்லாம் ஒரே பக்கம் கையைக் காட்டின. நிலாவைப் பார்க்க என்று ஒருவன் சொன்னால் நான் அவன் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

ஆசிரியர் திரும்பி வந்ததும் நேராக அந்தக் குடிசைகளுக்குப் போனார். அவர் மேல் எல்லோருக்கும் மரியாதை உண்டு. பிள்ளைகள் அவரிடம் படிக்கிறார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்கள். "சரிங்க சார்", "ஆகட்டுங்க சார்" என்றார்கள். எல்லாம் தெளிவாகிவிட்டது என்ற நிம்மதியோடு அவர் திரும்பி வந்தார். "பேசிட்டேன் தம்பி, எல்லாம் சரியாயிடுச்சு." "சரிங்க சார்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் அவரிடம் அதையேதான் சொல்கிறவன். ஆனால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது? அன்றைக்கே கோட்டைக் கழுவினோம். தரை சுத்தமானது. அவ்வளவுதான்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தோடு வந்த காலையில் நான் களத்தில் பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தேன். முதல் குடிசையிலிருந்து வந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சாட்சி சொன்னார்கள். கோவிந்தனுக்கு மூன்று பேர் சொன்னார்கள். கோடிக்கு வந்ததும் கர்ணம், "இது வைக்கோல் போர் எடம் சார். இப்பதான் கொட்டகை போட்டிருக்காங்க" என்றார். காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இங்கதான் சாமி இருக்கேன்" என்றாள் பாக்கியம். "இவங்களக் கேளுங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "என்னப்பா, இந்தம்மா எவ்வளவு காலமா இங்க இருக்காங்க?"

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கோவிந்தனிடம் நின்றாள். "அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"எங்களுக்குத் தெரியாதுங்க" என்றான் கோவிந்தன்.

நான் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். "சார், அவங்க இங்கதான் சார் இருக்காங்க" என்றேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: "நீ எந்த ஊருப்பா?" "ஒரத்தநாடு பக்கம்." "இங்க எப்ப வந்தே?" "பொங்கலுக்கு அப்புறம்." அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டு நடந்தார். எழுதக் கூடாததை அவர் எழுதவில்லை. சாட்சி இல்லாத மனை, அவ்வளவே. ஆசிரியர் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அங்கேயும் கேட்டது அதே கேள்விதான், அக்கம்பக்கத்தில் யார் சொல்கிறார்கள் என்று.

பங்குனி பிறப்பதற்குள் அந்தக் குடிசையைப் பிரித்துவிட்டார்கள். அங்கே இன்னொரு வைக்கோல் போர் போட்டார்கள். பாக்கியம் குழந்தையோடு எந்தப் பக்கம் போனாள் என்பதற்கு ஊரில் இரண்டு மூன்று பேச்சு. முத்துப்பேட்டைப் பக்கம் இறால் உரிக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். லென்சைப் பிடித்து நிறுத்த ஒரு வளையம் வாங்கப் போனபோது அங்கே கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இதில் என்ன பாடம் என்று நீங்கள் கேட்பீர்கள். வரைவதற்கு முன்னால் அது யாருடைய தரை என்று கேளுங்கள். வேலை செய்யும் இடத்தில் யார் சோறு போடுகிறார்கள் என்று பாருங்கள். கோட்டை நகர்த்துவதானால் ஒருவருக்காக மட்டும் நகர்த்தாதீர்கள். இவை எல்லாம் சொல்லலாம், சொல்லிவிட்டேன். அதன் பிறகு நான் வெளித் தரையில் படம் போட்டதே கிடையாது. பட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போடுவேன். அதை ஒழுங்கு என்று நீங்கள் மெச்சினீர்கள். அது பயம். ஒரு கருவிக்குப் போடும் படம் சரியா தப்பா என்பது கருவி முடிந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். அதுவரை உங்கள் வாய்ச்சொல்தான் இருக்கிறது. அதை நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் கையில் இல்லை. இதற்கு எந்த மருந்தும் எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருஷம் யோசித்தும்.

சித்திரையில் தொலைநோக்கி முடிந்தது. மைதானம் காய்ந்திருந்தது, அங்கேயே நட்டோம். படத்தில் போட்டபடியே எல்லாம் அமைந்தது, ஒரு வளையம்கூட வெளிச்சத்தை வெட்டவில்லை. அரை நிலா நாளில், பொழுது சாயும் நேரத்துக்கு ஊரையே வரச் சொன்னார் ஆசிரியர். வந்தார்கள். குடிசைக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் இடம் காட்டிக்கொண்டிருந்தேன். குழிகள் தெரிய, கரடுமுரடாக, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் ஆடிக்கொண்டு நிலா நின்றது. பார்த்த பெண்கள் வாயில் கை வைத்தார்கள்.

கோவிந்தன் முறை வந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். அசையவில்லை. பிறகு கண்ணை எடுத்து, குழாயின் நீளத்துக்குப் பார்வையைக் கொண்டுபோனான், களத்தில் கோட்டைப் பார்த்ததுபோலவே.

"இதுக்குத்தானாய்யா?" என்றான்.

"இதுக்குத்தாங்க."

எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"மாணிக்கத்த அடுத்த மாசம் விடறாங்களாம். நேரா எங்கிட்டதான் வருவான். பொண்டாட்டி புள்ள எங்கடான்னு கேப்பான். என்னன்னு சொல்ல?"

நான் தரையைப் பார்த்தேன். பின்னால் வரிசையில் இருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

"பாத்தாச்சுன்னா தள்ளுய்யா, நிலா எறங்கிடப் போவுது."

அவன் தள்ளிக்கொண்டான்.